யந்திரம் பொய் சொல்லாதா?

"ஆளுக்குத் தப்பு வரும், யந்திரத்துக்குத் தப்பு வராது" என்று ஒரு பேச்சு இன்று பட்டணத்திலும் பட்டிக்காட்டிலும் ஒன்றுபோலவே வழங்கி வருகிறது. பாங்கியில் போய்க் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டால், "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வருகிறது. மின்சாரக் கட்டணம் மூன்று மடங்கு வந்துவிட்டதே என்று கேட்டால், "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு" என்கிறார்கள். ரேஷன் கடையில் உழைத்துத் தேய்ந்த ஒரு கிழவியின் ரேகை விழாவிட்டால் "உன் விரல் சரியில்லை" என்று கிழவியைத்தான் சொல்லுகிறோமே ஒழிய, கருவி சரியில்லை என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. முன்காலத்தில் "சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்ற வார்த்தைக்கு மேல் பேச்சில்லாமல் இருந்தது. இப்போது அந்த ஸ்தானத்தில் "கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது" என்ற வார்த்தை வந்து சட்டமாக உட்கார்ந்து கொண்டிருக்கிறது. சாஸ்திரத்தை எழுதினவன் யார் என்று கேட்டவனுக்கு நாஸ்திகன் என்று பேர் வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தவன் யார் என்று கேட்டால் ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டான் என்று பேர் வைக்கிறார்கள்.

இது வெறும் பேச்சோடு நின்றிருக்குமானால் நாம் இதைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஆனால் இந்தப் பேச்சு ஒரு தேசத்தில் கோர்ட்டுக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான யோக்கியர்களைத் திருடர்கள் என்று தீர்ப்புச் சொல்லி, சிலரை ஜெயிலுக்கும் சிலரைச் சவக்குழிக்கும் அனுப்பியிருக்கிறது. அந்தத் தேசம் எழுத்து வாசனை இல்லாத தேசமல்ல. நம் வக்கீல்கள் எந்தத் தேசத்தைப் பார்த்துக் கறுப்பு அங்கி மாட்டிக்கொள்ளக் கற்றார்களோ, அந்த இங்கிலாந்து தேசம்தான். அங்கே தபாலாபீஸ்காரர்களுக்கு நேர்ந்த கதியை வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

இங்கிலாந்தில் கிராமத்துத் தபாலாபீஸ் என்பது பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் ஒரு மூலையில் இருப்பது. கடைக்காரரே சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து, ஸ்டாம்பு விற்பது, கிழவர்களுக்குப் பென்ஷன் கொடுப்பது, பணம் கட்டிக்கொள்ளுவது முதலான காரியங்களைச் செய்து வருவார். அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லர். தபாலாபீஸ் ஸ்தாபனத்தோடு ஒப்பந்தம் செய்து கொண்டு, சேமித்து வைத்திருந்த பணத்தை எல்லாம் போட்டுக் கடையை வாங்கி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருடைய பணம் அவர் கையில் புரளுவதால், நாணயஸ்தர் என்று பேர் வாங்கினவராகத்தான் இருப்பார். பேரைத் தவிர அவருக்கு வேறு முதல் இல்லை என்று கூடச் சொல்லலாம்.

1999, 2000ஆம் வருஷங்களில் இந்த ஆபீஸ்களில் எல்லாம் பேரேடுகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து வைத்தார்கள். ஜப்பான் தேசத்துப் பியூஜிட்சு கம்பெனிக்குச் சொந்தமான ஐ.ஸி.எல். என்னும் கம்பெனி அதற்கான கணக்கு ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. அதற்கு 'ஹொரைசன்' என்று பேர். அதாவது தொடுவானம். கிட்டப் போகப் போக எட்டிப் போவதற்குத்தான் தொடுவானம் என்று பேர். ஆதலால் பேர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

யந்திரம் வந்த பிறகு என்ன நடந்தது என்றால், சாயந்திரம் பெட்டியை எண்ணிப் பார்த்தால் ஒரு தொகையும், கம்ப்யூட்டரைப் பார்த்தால் வேறொரு தொகையுமாக வர ஆரம்பித்தது. ஒரு நாள் நூறு பவுன் குறையும், ஒரு நாள் ஆயிரம் பவுன் குறையும். ஒப்பந்தத்தைக் காட்டி, "குறைந்த பணத்தை நீதான் கட்ட வேண்டும்" என்றார்கள். எப்படிக் குறைந்தது என்று கண்டுபிடிக்கச் சப் போஸ்ட்மாஸ்டருக்கு வழியில்லை. பழைய பேரேடாயிருந்தால் ஏட்டைப் புரட்டி, வரி வரியாகப் பார்த்து, இன்ன நாள் இன்ன இடத்தில் பிசகு என்று விரல் வைத்துக் காட்டலாம். இந்த யந்திரமோ விடையை மட்டும் சொல்லும், வழியைச் சொல்லாது. உதவிக்கு என்று ஒரு டெலிபோன் நம்பர் கொடுத்திருந்தார்கள். பிரிட்லிங்டன் என்னும் ஊர்ச் சப் போஸ்ட்மாஸ்டர் லீ காசில்டன் அந்த நம்பருக்கு 91 தடவை போன் செய்தார். 91 தடவையும் ஆன பிறகு அவர் பேரிலேயே கேசு வந்தது. சுமார் 25,000 பவுன் பாக்கிக்காகப் போடப்பட்ட அந்தக் கேசில், வக்கீல் வைக்கப் பணமில்லாமல் தாமே நின்று வாதாடினார். 2007இல் தோற்றார். தபாலாபீஸ்காரர்களின் கோர்ட்டுச் செலவு 3,21,000 பவுனும் அவர் தலையிலேயே விழுந்தது. மனுஷர் இன்சால்வெண்டு ஆனார். 25,000 பவுனை வசூலிக்க 3,21,000 பவுன் செலவழிக்கிறவனுக்குப் பணத்தின் மேல் கண்ணா, அல்லது மற்றவர்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதின் மேல் கண்ணா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் சவுத் வார்ன்பரோ என்று ஒரு சிறு கிராமம். அங்கே ஜோ ஹாமில்டன் என்ற அம்மையார் கடை வைத்திருந்தார். ஒரு நாள் சுமார் 2,000 பவுன் குறைந்தது. உதவி நம்பருக்குப் போன் செய்தார். அவர்கள் இதைத் தட்டு, அதைத் தட்டு என்று சொன்னார்கள். சொன்னபடி தட்டினதும், அவர் கண்ணெதிரே 2,000 என்பது 4,000 ஆயிற்று. வீட்டை மறுபடியும் அடமானம் வைத்துக் கட்டினார். பிறகும் குறைந்தது. இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. கணக்கு முடிக்கும் நாளில் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டு பொத்தானைத் தட்டினால்தான் மறுநாள் ஆபீசைத் திறக்க முடியும். சரியாக இல்லை என்று சொன்னால் கடை மூடல். சரி என்று தட்டினால் பொய்க் கணக்கு எழுதிய குற்றம். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பது போல ஆயிற்று. 36,000 பவுன் திருடியதாகக் குற்றம் சாட்டினார்கள். "பொய்க் கணக்கு எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் திருட்டுக் குற்றத்தை விட்டுவிடுகிறோம்" என்றார்கள். ஜெயிலுக்குப் பயந்து அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார். ஊர் ஜனங்கள் பணம் வசூலித்துக் கொடுத்தார்கள், கோர்ட்டுக்குக் கூட்டமாக வந்தும் நின்றார்கள். ஊருக்குத் தெரிந்த உண்மை கோர்ட்டுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஊரார் பார்த்தது மனுஷியை, கோர்ட்டு பார்த்தது காகிதத்தை.

இவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு பதில் ஒரேமாதிரியாகச் சொல்லப்பட்டு வந்தது. "வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, உனக்கு மட்டும்தான் வருகிறது" என்பதே அந்தப் பதில். ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னதால், ஒவ்வொருவரும் தன் புத்தியின் மேலேயே சந்தேகப்பட்டார்கள். மனைவி புருஷனைச் சந்தேகித்தாள். முதலாளி கடைப் பையனைச் சந்தேகித்தான். ஜனங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து ஏமாற்றுவது எவ்வளவு பழைய வித்தை என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் சுமார் 700 பேர் மீது கேசு நடத்தியது போலீசாருமல்ல, சர்க்கார் வக்கீலுமல்ல, தபாலாபீஸ் ஸ்தாபனமே! அந்நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. பணம் போயிற்று என்று பிராது கொடுப்பதும் அவர்கள். வீட்டுக்கு வந்து துப்பு விசாரிப்பதும் அவர்கள். வக்கீல் வைத்து ஜெயிலுக்கு அனுப்புவதும் அவர்கள். சாட்சி சொல்லும் யந்திரமும் அவர்களுடையது. ஜட்ஜு ஒருவரைத்தான் அவர்கள் சொந்தமாக வைத்திருக்கவில்லை. அதற்கும் அவசியமில்லாமல் போனதற்குக் காரணம், சட்டம் அந்த ஜட்ஜின் கையைக் கட்டி வைத்திருந்ததுதான். அதைப் பற்றி இனிச் சொல்லுவோம்.

இங்கிலாந்தில் 1984ஆம் வருஷத்துப் போலீஸ், கிரிமினல் சாட்சியச் சட்டத்தில் 69ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த காகிதத்தை ஒருவன் கிரிமினல் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால், அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று முதலில் அவன் ருஜுப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். நியாயமான சட்டம். ஆனால் இது வீண் தொந்தரவு என்று பலர் முணுமுணுத்தார்கள். 1997இல் சட்டக் கமிஷன் இதை எடுத்துவிடலாம் என்று சிபாரிசு செய்தது. அதற்கு அக்கமிஷன் ஆதாரமாக எடுத்துக்கொண்ட ஒரு கருத்து என்னவென்றால், கம்ப்யூட்டரில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் உள்ளே தட்டினவர் செய்த பிழையாக இருக்கும் என்பதாகும். 1999இல் பார்லிமெண்டு அந்தப் பிரிவை ரத்து செய்தது. அதற்குப் பிறகு பழைய பொதுவிதி ஒன்று தானாகவே அமுலுக்கு வந்துவிட்டது. அதாவது, எதிரி வேறுவிதமாகக் காட்டினாலொழிய, யந்திரம் ஒழுங்காக வேலை செய்தது என்றே கோர்ட்டு ஊகித்துக் கொள்ளும். எந்த வருஷம் தபாலாபீஸ்களில் ஹொரைசனைக் கொண்டு வந்து வைக்க ஆரம்பித்தார்களோ, அதே வருஷம்தான் யந்திரத்தைக் கேள்வி கேட்கும் சட்டத்தையும் பார்லிமெண்டு கழற்றி எறிந்தது!

இந்த ஊகம் எதற்காக ஏற்பட்டது? வீதியில் இருக்கும் போக்குவரத்து விளக்குக்கும், எடை போடும் தராசுக்கும், கடிகாரத்துக்கும் ஏற்பட்டது. கடிகாரம் பிசகினால் பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். தராசு பிசகினால் வேறொரு தராசில் நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் ஏற்பாடு என்பது கடிகாரம் போன்றதல்ல. அது மனிதர்கள் பல பேர் கூடி, லட்சக்கணக்கான வரிகளில் எழுதிவைத்த உத்தரவுகளின் மூட்டை. "இப்படி வந்தால் இப்படிச் செய், அப்படி வந்தால் அப்படிச் செய்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதினவன் நினைக்காத ஒரு சந்தர்ப்பம் வந்தால், யந்திரம் தப்பான காரியத்தையே வெகு சுறுசுறுப்பாகவும் வெகு சுத்தமாகவும் செய்துவிட்டு, அதைச் சரியான விடை போலவே அச்சடித்தும் கொடுத்துவிடும். புகையும் வராது, சத்தமும் வராது.

இதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம். ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்ற ஊர் ஆபீசில் 2015இல் ஒரு அம்மையார் 8,000 பவுனை ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு மாற்றிய கணக்கைப் பதிந்தார். திரை அசையாமல் அப்படியே நின்றது. நாம் எல்லோரும் செய்வது போலவே அவரும் பொத்தானை மறுபடியும் தட்டினார். தட்டின ஒவ்வொரு தடவையும் யந்திரம் உள்ளுக்குள்ளே 8,000 பவுன் என்று புதிதாக எழுதிக் கொண்டது. நான்கு தடவை ஆனதும் 32,000 என்று கணக்கு ஏறி, 24,000 பவுன் காணாமல் போயிற்று. பணம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பணம் இருந்ததே இல்லை. இல்லாத பணம் குறைந்தது என்று சொல்லி, சப் போஸ்ட்மாஸ்டர்களிடத்தில் இருந்த பணத்தை அல்லவா பல வருஷங்கள் வசூலித்தார்கள்?

சரி, பிழை இருந்தது அவர்களுக்குத் தெரியாது போலும் என்று யாராவது நல்லெண்ணத்தோடு சமாதானம் சொல்லக்கூடும். தெரியும் என்பதுதான் இந்த விஷயத்திலுள்ள அயோக்கியத்தனம். பியூஜிட்சு கம்பெனியில் "தெரிந்த பிழைகளின் பதிவு" என்றே ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். இன்ன பிழை, இன்ன இடத்தில், இன்னபடி வந்தது என்று அதில் அவர்களே எழுதி வந்தார்கள். சர்ரே ஜில்லா வெஸ்ட் பைஃப்ளீட்டில் தபாலாபீஸ் நடத்திய சீமா மிஸ்ரா என்னும் இந்திய அம்மையார் மீது, 74,000 பவுனுக்கு மேல் திருடியதாக 2010 அக்டோபரில் கேசு நடந்தது. அந்த விசாரணைக்கு முன்பே, பல ஆபீஸ்களின் கணக்கைப் பிசகடிக்கும் ஒரு கோளாறைப் பற்றித் தபாலாபீஸ்காரர்களும் பியூஜிட்சுக்காரர்களும் கூடிப் பேசிக் குறிப்பும் எழுதியிருந்தார்கள். நடந்து கொண்டிருக்கும் கேசுகளை இது பாதிக்கக்கூடும் என்பதும் அந்தக் குறிப்பில் இருந்தது. அந்தக் குறிப்பு அந்த அம்மாளின் வக்கீல் கைக்கு வரவே இல்லை. ஹொரைசனில் கோளாறு இருக்கிறது என்று வாதாடிய அந்த அம்மாளுக்கு, அவருடைய மகனின் பத்தாவது பிறந்த நாளன்று, 15 மாத ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் எட்டு வாரக் கர்ப்பிணி. தீர்ப்பு வந்ததும் தபாலாபீஸ் ஸ்தாபனத்து வக்கீல் ஒருவர், "இனி மற்றவர்கள் ஹொரைசனைத் தூற்றும் வண்டியில் ஏறமாட்டார்கள்" என்ற கருத்துப்பட, உள்ளுக்குள்ளே சந்தோஷக் கடிதம் எழுதிக் கொண்டார். கர்ப்பிணியை ஜெயிலில் போட்டது பணத்துக்காக அல்ல, யந்திரத்தின் பேரைக் காப்பாற்றுவதற்காக என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இன்னும் கேளுங்கள். 2013இல், வெளியிலிருந்து வைத்த கணக்குப் பரிசோதகர்களே ஒரு கோளாறு 62 ஆபீஸ்களிலும் இன்னொரு கோளாறு 14 ஆபீஸ்களிலும் வந்ததாக அறிக்கை கொடுத்தார்கள். அதே மாதம், கேசுகளில் சாட்சி சொல்லி வந்த பியூஜிட்சு இன்ஜினீயர் தமக்குத் தெரிந்த பிழைகளைக் கோர்ட்டுக்குச் சொல்லாமல் விட்டார், அவரை இனிச் சாட்சிக்கு அழைக்கக்கூடாது என்று தபாலாபீஸ்காரர்களின் சொந்த வக்கீலே எழுத்து மூலம் யோசனை சொன்னார். ஜெயிலுக்குப் போய் வந்தவர்களிடம் போய் "உங்கள் கேசில் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது" என்று சொன்னார்களா? இல்லை. சப் போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியாமல் அவருடைய கணக்குக்குள் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது என்று வேறு அடித்துச் சொல்லி வந்தார்கள். நாங்கள் நுழைந்து மாற்றியதுண்டு என்று 2015இல் பியூஜிட்சுவின் பழைய ஊழியர் ஒருவர் பி.பி.ஸி.யில் வந்து சொன்ன பிறகும் அதே பாட்டைத்தான் பாடினார்கள்.

கடைசியில் இந்தக் கோட்டை எப்படி இடிந்தது? ஜட்ஜுகளின் ஞானத்தால் இடியவில்லை, பார்லிமெண்டின் கருணையாலும் இடியவில்லை. "உனக்கு மட்டும்தான்" என்று சொல்லப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்ததால் இடிந்தது. வேல்ஸ் பிரதேசத்தில் ஆபீஸ் நடத்தி நீக்கப்பட்ட ஆலன் பேட்ஸ் என்பவரும் மற்றவர்களும் 2009இல் ஒரு சங்கம் சேர்த்தார்கள். அதே வருஷம் ஒரு கம்ப்யூட்டர் தொழில் பத்திரிகை இவர்கள் கதையை வெளியிட்டது. பெரிய பத்திரிகைகள் அப்போது ஏறிட்டும் பார்க்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 555 பேர் சேர்ந்து கேசு போட்டார்கள். நடுவிலே ஜட்ஜு பிரேசர் பாரபட்சமுள்ளவர், அவர் விலக வேண்டும் என்று தபாலாபீஸ்காரர்கள் 2019 மார்ச்சில் மனுப் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2019 டிசம்பரில் அவர் தீர்ப்புச் சொன்னார். ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கணக்கில் இல்லாத குறைவை உண்டாக்கக்கூடியவை, வெளியிலிருந்து கணக்கை மாற்றவும் முடியும் என்று முடிவு கட்டினார். இவ்வளவு அத்தாட்சிக்குப் பிறகும் பிழையே இல்லை என்று தபாலாபீஸ்காரர்கள் சாதித்தது, இந்த 21ஆம் நூற்றாண்டில் பூமி தட்டையானது என்று சாதிப்பதற்குச் சமானம் என்றும் சொன்னார். ஒரு ஜட்ஜு வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

சமாதானமாகக் கொடுக்கப்பட்ட 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுனில், கேசுக்குப் பணம் போட்டவர்களுக்கும் வக்கீல்களுக்குமாகச் சுமார் 4 கோடியே 60 லட்சம் போய்விட்டது. 2021 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு 39 பேருடைய தண்டனைகளை ரத்து செய்தது. ஹாமில்டன் அம்மையாரும் மிஸ்ரா அம்மையாரும் அவர்களில் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் விஷயம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2024 ஜனவரியில் இந்தக் கதையை டெலிவிஷனில் நாடகமாகக் காட்டி, தேசம் முழுவதும் பார்த்து ஆத்திரப்பட்ட பிறகுதான், அவ்வருஷம் மே மாதம் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து மீதியுள்ள தண்டனைகளை மொத்தமாகத் தள்ளியது. இருபது வருஷ காலம் கோர்ட்டுகளால் செய்ய முடியாததை நாலு நாள் நாடகம் செய்தது என்றால், அந்தக் கோர்ட்டுகளின் யோக்கியதை என்ன என்று கேட்கிறோம். இவ்விஷயமாக நியமிக்கப்பட்ட விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. குறைந்தது 13 பேர் இந்தக் கொடுமையின் காரணமாகத் தற்கொலை செய்து கொண்டிருக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு எந்தச் சட்டத்தைச் செய்து எதைத் திருப்பிக் கொடுப்பார்கள்?

இன்னொரு சங்கதியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. சப் போஸ்ட்மாஸ்டர்களில் நம் தேசத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்தார் அநேகர். துப்பு விசாரிக்கும் தபாலாபீஸ் அதிகாரிகளுக்கென்று இருந்த ஒரு தஸ்தாவேஜு 2023இல் வெளியாயிற்று. சந்தேகப்பட்டவர்களை இனவாரியாகக் குறிக்க அதில் ஜாபிதா இருந்தது. "இந்தியர் பாகிஸ்தானியர் ரகம்" என்று ஒரு ரகம். கறுப்பு ஜனங்களுக்கு, வாயால் சொல்லவும் கூசும் பழைய வசைப் பேர் ஒன்று. பிறகு மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்கள். யந்திரத்துக்கு ஜாதி மத பேதம் கிடையாது என்று சொல்லுகிறவர்கள், யந்திரம் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு கதவைத் தட்டினவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் நீங்கள் யந்திரமே வேண்டாம் என்கிறீர்களா? மறுபடியும் பேரேட்டுக்கும் மைக்கூட்டுக்கும் போகச் சொல்லுகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. மனிதன் முதுகு ஒடியச் செய்யும் வேலையை யந்திரம் செய்வதைக் கண்டு நாம் சந்தோஷப்படுகிறவர்களே. லட்சம் பேருடைய கணக்கை ஒரு நொடியில் கூட்டிக் கொடுக்கும் கருவி மனித புத்தியின் பெருமையே தவிர வேறல்ல. ஆனால் மனித புத்தி செய்த ஒன்றை மனித புத்தியால் சோதிக்கக் கூடாது என்று சொல்லுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். பகுத்தறிவினால் உண்டாக்கியதைப் பக்தியினால் நடத்துவது என்ன நியாயம்?

அன்றியும் யந்திரத்துக்கு ஆசையில்லை, லஞ்சமில்லை, ஆகையால் அது பொய் சொல்லாது என்று ஒரு வாதம் செய்கிறார்கள். வாஸ்தவம்தான். யந்திரத்துக்கு ஆசை இல்லை. யந்திரத்தை விற்றவனுக்கு ஆசை இருக்கிறது. கோடிக்கணக்கான பவுன் கொடுத்து வாங்கினவனுக்கு, தான் ஏமாந்தது வெளியே தெரியக் கூடாது என்ற ஆசை அதைவிட அதிகமாக இருக்கிறது. இந்த இரண்டு ஆசைக்காரர்களும் முன்னால் நின்றால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். ஆதலால் யந்திரத்தை முன்னால் நிறுத்திவிட்டு இருவரும் பின்னால் நின்று கொள்ளுகிறார்கள். பியூஜிட்சு கம்பெனியின் ஐரோப்பியத் தலைவர் 2024 ஜனவரியில் பார்லிமெண்டு கமிட்டியின் முன் வந்து, நஷ்டஈட்டில் பங்கு கொடுக்கத் தங்களுக்குத் தார்மீகக் கடமை உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

நிற்க, இது எங்கேயோ வெள்ளைக்காரன் தேசத்துக் கதை, நமக்கென்ன என்று வாசகர்கள் இருந்துவிடக் கூடாது. நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் 1872இல் அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் புதிய சாட்சியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 63ஆவது பிரிவின்படி கம்ப்யூட்டர் தஸ்தாவேஜைக் கோர்ட்டில் காட்ட ஒரு சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட்டாவது கேட்கிறார்களே என்ற மட்டில் இங்கிலாந்தை விட இது மேல்தான். ஆனால் அந்தச் சர்டிபிகேட்டின் வாசகத்தைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று முதலில் ஒரு வரி. எப்போதாவது சரியாக வேலை செய்யாமலிருந்திருந்தாலும் அது இந்தத் தஸ்தாவேஜைப் பாதிக்கவில்லை என்ற கருத்தில் அடுத்த வரி. இரண்டும் சட்டத்திலேயே முன்கூட்டி அச்சாகிவிட்டன! கையெழுத்துப் போடுகிறவர் பேரையும் விவரங்களையும் நிரப்பினால் போதும். இரண்டாம் பாகத்தில் நிபுணர் ஒருவரும் கையெழுத்துப் போடுகிறார். அவர் எதைப் பார்க்கிறார்? 'ஹாஷ்' என்று ஒரு எண்ணைக் கணக்கிட்டு எழுதுகிறார். நகலில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே யாரும் நடுவிலே திருத்தவில்லை என்பதற்கு அது நல்ல காவல்தான். ஆனால் முதலிலேயே யந்திரம் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால், அந்தத் தப்பு ஒரு எழுத்தும் மாறாமல் பத்திரமாகக் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதைத்தான் அந்த எண் காட்டுமே தவிர வேறொன்றையும் காட்டாது. டால்மெல்லிங்டனில் நாலு தடவை எழுதப்பட்ட 8,000 பவுனுக்கும் முதல்தரமான ஹாஷ் எண் கொடுத்திருக்கலாம்!

இங்கிலாந்து சர்க்கார் 2025 ஜனவரியில், கம்ப்யூட்டர் சாட்சியத்தைப் பற்றிய தங்கள் விதியை மாற்றலாமா என்று வக்கீல்களிடமும் நிபுணர்களிடமும் கருத்துக் கேட்டது. அவ்வளவு பேரை அழித்த பிறகு கேட்டார்கள். நம் நாட்டில் இன்று கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா, பாங்கிக் கடனைக் கமிஷனுக்கு வசூலிக்கும் ஏஜெண்டு, ரேஷன் கடை விற்பனையாளர், கிராமத்தில் கைக்கருவியை வைத்துக் கொண்டு பணம் பட்டுவாடா செய்கிறவர் ஆகிய எளிய ஜனங்களெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லும் கணக்குக்குத் தங்கள் சம்பளத்தையும் மானத்தையும் ஈடு வைத்து வேலை செய்கிறார்கள். இவர்களில் ஒருவர் மீது பணம் குறைந்ததாகப் பிராது வந்தால், அந்த ஊர் வக்கீல் தோழர்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. காகிதத்தைப் பார்த்தவுடன் "கட்டிவிடு, கேசு லேசாகும்" என்று கட்சிக்காரருக்குப் புத்தி சொல்லாமல், இந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்த கம்பெனி வைத்திருக்கும் பிழைப் பதிவேட்டைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்படி முதலில் மனுப் போட வேண்டும். இதே மாதிரிக் குறைவு வேறு எந்தெந்தக் கிளைகளில் வந்தது என்ற ஜாபிதாவைக் கேட்க வேண்டும். வெளியிலிருந்து அந்தக் கணக்கைத் தொடக்கூடியவர்கள் யார் யார் என்று கேட்க வேண்டும். பதிவேடு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பதில் வந்தால், அதை அப்படியே பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். ஹொரைசன் கேசிலும் தபாலாபீஸ்காரர்கள் ஒரு சமயம் அப்படிப் பதிவேடு இருக்கிறதா என்றே சந்தேகம் கிளப்பினார்கள், ஒரு சமயம் இருந்தாலும் கேசுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள், ஒரு சமயம் அது எங்கள் கையில் இல்லை, பியூஜிட்சுவிடம் இருக்கிறது என்றார்கள். கடைசியில் கோர்ட்டுக்கு வந்தபோது அதில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இருந்தன.